லொந்தோங்கின் வலது கண்

தங்கையின் கல்யாணத்தை முடித்துக்கொண்டு மதியூனிலிருந்து திரும்பிய நிங்ரும் சுரபாயாவில் தன் வீட்டுக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறியது காயுபுத்தித் தைல வாடை. குழந்தைக்கு வயிறு உப்பினாலும் பஸ்ஸில் தலை சுற்றினாலும் கொசு கடித்தாலும் அந்த ஊரில் எல்லாரும் தேய்க்கிற தைலம்தான். ஆனால் வாடை வந்தது பாம்புப் பெட்டியிலிருந்து.

லொந்தோங் மூலையில் கிடந்தது. நிங்ரும் வளர்க்கிற ஒன்றேகால் மீட்டர் மலைப்பாம்பு. வாழையிலையில் சுருட்டி அவிக்கிற லொந்தோங் சோற்று உருளை மாதிரி குண்டாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது அது மழையில் நனைந்து காய்ந்த சுவரொட்டி போலிருந்தது. உரிய வேண்டிய சட்டை முதுகெல்லாம் திட்டுத் திட்டாகப் பிய்ந்திருந்தது. வால் நுனியில் வளையமாக இறுகியிருந்தது. இரண்டு கண்களின் மேலும் பழைய தோல் சுருக்கம் விழுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியையும் ஈரப் பாசியையும் காணோம்.

அவள் இபு என்று கூப்பிடுகிற மாமியார் சார்ப்பி அடுப்படியில் சோயாத் தெம்பே வறுத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு எதையும் ஒளிக்கவில்லை. பாம்புக்குக் கண் பால் போல வெளுத்துவிட்டது, மேல் மங்கிவிட்டது, போட்ட எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனுஷனுக்கு இப்படி ஆனால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா?

“காத்து ஏறிடுச்சு நிங். உனக்கும் உன் புருஷனுக்கும் நான் சுரண்டி விடறதில்லையா? அதையேதான் இதுக்கும் பண்ணேன்.”

தைலம் தடவி, தடித்த செப்புக் காசால் முதுகைச் சுரண்டியிருக்கிறாள். மனுஷனுக்கு என்றால் சிவப்புக் கோடு விழும், காற்று இறங்கிவிட்டது என்று அர்த்தம். பாம்புக்குச் சிவக்கவே இல்லையாம். அதனால் இரண்டாம் முறையும் சுரண்டினாளாம். குளிர்ச்சி ஆகாது என்று தண்ணீரையும் பாசியையும் எடுத்து வெளியே வைத்துவிட்டாள். ஆகஸ்ட் வெயிலில் ஊரே காய்ந்து கிடந்தது.

நிங்ருமுக்குக் கோபம் வந்தது. பாதி தன் மேலேயே. சட்டை உரிக்கிற சமயத்தில் எந்தப் பாம்புக்கும் கண் வெளுக்கும், பசி எடுக்காது. ஐந்து வருஷமாகப் பார்த்துவருகிற இந்த ஒரு விஷயத்தை அவள் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. இப்போது சொன்னாள்.

“நாசம் பண்ணிட்டேன்னு சொல்லிடேன்” என்றாள் சார்ப்பி.

“பாதி நாசம். மீதிய நான் சரி பண்ணிடுவேன் இபு.”

சும்மா சொல்லவில்லை. செய்ய வேண்டியது அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் தைலத்தைக் கழுவினாள். மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத் துண்டை விரித்து, பாம்பை ஒரு மணி நேரம் உள்ளே விட்டாள். பிறகு துண்டைக் கைக்குள் தளர்வாகப் பிடித்து அதன் நடுவே ஊர விட்டாள். முதுகுத் தோல் ஊறிய காகிதமாக வந்தது. வால் வளையத்தை ஈரப் பஞ்சால் உருட்டி உருட்டிக் கழற்றினாள். நுனியில் ரத்த ஓட்டம் இருந்தது. இடது கண் மேலிருந்த தோலும் துண்டோடு வந்துவிட்டது.

வலது கண்ணில் இருந்தது வரவில்லை.

அவள் மாஸ் என்று கூப்பிடுகிற புருஷன் ஹாடி செல்போன் பழுது பார்க்கிறவன். இடுக்கியை எடுத்து வந்தான். இதைவிடச் சின்னதையெல்லாம் தினமும் எடுக்கிறேன் என்றான்.

“போன் கண்ணாடி போனா வேற மாட்டிக்கலாம் மாஸ். இதுக்கு எந்தக் கடையில வாங்குவீங்க?”

பாம்புக்கு இமை கிடையாது, கண் மேல் கண்ணாடி போல ஒரு மூடிதான்; சட்டையோடு அதுவும் உரியும். பழைய மூடிக்கு அடியிலேயே உயிருள்ள மூடி இருக்கிறது. இழுத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும், கண் போய்விடும். பாம்பு வளர்க்கிறவர்கள் கூடுகிற இடத்தில் அப்படி ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள். அதன் சொந்தக்காரனுக்கும் அவசரத்தைத் தவிர வேறு குறை இல்லை. இடுக்கியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாளும் ஊற வைத்தாள். அவள் தலையைத் தாங்கிப் பிடிக்க, ஹாடி துண்டைப் பிடித்தான். அவன் கை இறுகியது, பாம்பு பந்தாகச் சுருண்டுகொண்டது. இன்னும் கொஞ்சம் தளர்த்தச் சொன்னாள். துண்டே நழுவி விழுந்தது.

மூன்றாம் நாள் அவள் மாமியாரைக் கூப்பிட்டாள். அந்தச் சந்தில் பாதிப் பேர் முதுகு சார்ப்பியின் கையில் சிவந்த முதுகுதான். ஒருவருக்கும் தோல் கிழிந்ததில்லை. ஆனால் அவள் மூன்று நாளாகப் பெட்டிப் பக்கமே வரவில்லை.

“என்னைக் கூப்பிடாத. இந்தக் கையாலதான் கெட்டுது.”

“கை நல்ல கைதான். வைத்தியம்தான் தப்பு. எவ்வளவு அழுத்தணும்னு இந்த வீட்டுல உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வாங்க.”

சார்ப்பி கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நிங்ரும் ஈரத் துண்டை அவள் உள்ளங்கையில் விரித்தாள். தேய்க்க வேண்டாம், இழுக்க வேண்டாம், கை சும்மா கூட இருந்தால் போதும், பாம்பு தானாகவே ஊர்ந்து போகும் என்றாள்.

லொந்தோங் மூக்கை நுழைத்தது. சார்ப்பியின் கட்டை விரல் அதன் கன்னத்தோரம் ஈரத் துணியாய்ப் படிந்தது, அதற்கு மேல் அழுத்தவில்லை. பாம்பு சுருளவில்லை. ஒரு முறை போனது. இரண்டு முறை. நாலாவது முறை துண்டைப் பிரித்தபோது மீன் செதில் அளவுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

நிங்ரும் பாம்பை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். வலது கண்ணில் சுருக்கம் இல்லை. வெளிச்சம் பட்டதும் கண்மணி கீற்றாய் ஒடுங்கியது.

“என்னைப் பாக்குதா?” என்றாள் சார்ப்பி.

“நல்லா பாக்குது.”

சார்ப்பி லேசாகப் பின்னால் நகர்ந்தாள். “ஞாபகம் வச்சிருக்குமா?”

“அவ்வளவு மூளை கிடையாது இபு.”

“நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டுச் சார்ப்பி துண்டைப் பிழிந்தாள்.