எட்டாம் நம்பர் தோட்டா

பலாபத்வலையில் பன்றி சுட்டவர்கள் பலர். பன்றியைப் பறக்க வைத்தவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற லெட்சுமணன் ஒருவர்தான். அவர் நாலந்தாவில் சுட்ட பன்றி, தம்புள்ளையில் பூசணிக்காய் லொறிக்குள் போய் விழுந்ததாம். "நம்ம துவக்குல ஒத்தக் குண்டுதான். சாதிக்காய் தண்டி ஈயம்!" என்று நளீமின் தேத்தண்ணிக் கடையில் அவர் சொல்லாத நாளில்லை.

அந்த வாய்தான் ஒரு நாள் கடைக்கே வினையாகி வந்தது, பக்கத்துக் காணி ஸுலைஹா உருவத்தில்.

"லெட்சுமணன் அண்ணே, நேத்து அந்திக்குக் குரங்குக்கு வெடி வச்சது நீங்கதானே? என் தண்ணி டாங்கியில சாதிக்காய் தண்டி ஓட்டை. காயப்போட்ட கராம்பெல்லாம் மிதக்குது. ஊருல ஒத்தக் குண்டு போடுறது வேற யாரு? பொலிசுக்குப் போறேன். துவக்கைப் பறிக்கட்டும்."

லெட்சுமணன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். துவக்கு போனால் முற்றிய சோளம் முழுதும் குரங்குக்கு. தப்பிக்க ஓர் உண்மை போதும். அதைச் சொன்னாலோ மானம் போச்சு.

எழுந்து வீட்டுக்குப் போனார். ஒரு தோட்டாவோடு திரும்பினார். பேனாக்கத்தியால் அதன் வாயைக் கீறித் தேத்தண்ணிக் கோப்பையின் பீரிசில் கவிழ்த்தார். கடுகு போலச் சின்ன ஈய மணிகள் கொட்டின, கொட்டின, கொட்டிக்கொண்டே இருந்தன.

"எட்டாம் நம்பர், தங்கச்சி. நாலைவிட எட்டு பெருசுன்னு நெனச்சு வாங்கிட்டேன்."

"நம்பர் ஏற ஏற ஈய ரவை சிறுக்கும் மனுசா!" நளீம் தலையிலடித்துக்கொண்டார்.

"வாங்கின பொறவுதானே தெரிஞ்சுது, நளீம் நானா! குரங்கு இதை ஒடம்புல இருந்து தட்டிவிட்டுட்டு அடுத்த சோளக் கதிரை உரிக்குது. சத்தத்துக்குத்தான் கொஞ்சம் ஒதுங்கும்."

ஸுலைஹா ஒரு மணியை விரலில் உருட்டினாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அல்லாஹ்! இது என் முக்காட்டைக்கூடத் துளைக்காதே!"

கடையே திரண்டு போய் டாங்கியைப் பார்த்தது. டாங்கியைச் சுமந்த இரும்புச் சட்டம் துருப்பிடித்து முறிந்து, அதன் முனைதான் அடியில் குத்திக்கொண்டு நின்றது.

"மொதல்லயே குனிஞ்சு பார்த்திருக்கக் கூடாதா, தங்கச்சி?" லெட்சுமணன் கிட்டத்தட்ட அழுதார்.

திரும்பும் வழியெல்லாம் சிரிப்பு. லெட்சுமணன் அதைத் தாங்கியது ஏறக்குறைய ஐம்பது அடிக்குத்தான். பிறகு செருமினார்.

"ஒரு தோட்டாவுல நானூறு ரவை, தெரியுமா? போன மாசம் ஒரே வெடியில முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது குளவி செத்துச்சு."

"மத்த ஒரு ரவை?" என்றார் நளீம்.

"மத்த ரவையும் பட்டுச்சு நானா. அந்தக் குளவிக்குக் கால் மட்டும்தான் ஒடைஞ்சுது."