செத்தவர்களுக்கு ஈட்டி

என் மாமியாரிடம் இரண்டு படைகள் இருந்தன. ஒன்று யானைகளும் குதிரைகளும் வில்லாளர்களும் நிறைந்தது. மற்றொன்று வட்டக் கேடயமும் நீண்ட ஈட்டியும் ஏந்திய காலாட்களால் ஆனது. இரண்டும் ஒரே தகரப் பெட்டிக்குள் அடங்கும். வீரன் ஒருவனின் உயரம் ஆள்காட்டி விரலில் பாதிதான். அவன் ஈயத்தால் வார்க்கப்பட்டவன். அவனுடைய ஆடையின் நிறமும் முகத்தின் மீசையும் மாமியாரின் கைவண்ணம்.

மாமியார் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்துப் பழகியவருக்கு, எந்தக் குதிரை எப்போது பாய வேண்டும் என்பதும் இயல்பாகவே கைவந்தது. அவரை எதிர்த்து ஆடியவர், அவருடன் பணிபுரிந்த தட்டச்சர். சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரிக்கப்படும். துணிக்கு அடியில் வைக்கப்படும் பழைய புத்தகங்கள் குன்றுகளாகும். படைகள் டேப்பினால் அளந்து நகர்த்தப்படும். வெற்றியும் தோல்வியும் பகடையால் முடிவாகும்.

நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை செய்பவள். எங்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாளே. ஆதலால் நான் வீடு திரும்பும்போது போர் முடிந்து, இருவரும் தேநீர் அருந்தியபடி ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருப்பர். மணமாகி நான் இவ்வீட்டிற்கு வந்த முதல் வாரத்தில் மட்டும் ஆட்டம் நீண்டுவிட்டது. என்ன பேசுவது, எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசற்படியருகே நின்ற என்னிடம் மாமியார் டேப்பின் ஒரு முனையை நீட்டினார்.

"இந்த நுனியைப் பிடி. யானை காலுக்கு நேரா."

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் இடம் யானையின் காலடிதான். அதை நான் மறக்கவில்லை.

பின்னர், தட்டச்சர் தம் மகளுடன் வசிப்பதற்காக வெகுதூரம் சென்றுவிட்டார். பெட்டி மூடப்பட்டது. மேசையில் சாப்பாட்டுத் தட்டுகளைத் தவிர வேறொன்றும் வைக்கப்படவில்லை. மகன் என்ற முறையில் என் கணவர் ஒரு மாலை ஆடிப் பார்த்தார். தொலைக்காட்சியில் பந்தயம் தொடங்கவிருந்தமையால், தம் வீரர்கள் அனைவரையும் விரைந்து சாகக் கொடுத்தார். மாமியாருக்கு இது புரியாமல் போகுமா? பெட்டியை மூடும்போது அவர் தெளிவாகவே சொன்னார்.

"பாவம் பார்த்து விளையாடறவங்களோட உக்காருறதுக்கு, நான் பேசாம ஃபேன் சுத்தறதைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

அடுத்த வாரமே, பெட்டியை நூலகத்தின் விளையாட்டுக் குழுவிற்குக் கொடுத்துவிடப் போவதாக அறிவித்தார். நூலகர் திங்கட்கிழமை காலையில் வந்து எடுத்துச் செல்வதாக ஏற்பாடு.

அந்தப் பெட்டி போவதை நான் விரும்பவில்லை. அதனுடன் மாமியாரின் குரலில் பாதியும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. ஆயினும் வேண்டாம் என்று சொன்னால் அவர் கேட்கும் ஆள் அல்லர். எனவே, கொடுப்பதற்கு முன் உடைந்தவற்றைச் சரிசெய்து தருகிறேன் என்று கூறிப் பெட்டியை என் வேலைக்கூடத்திற்கு எடுத்துச் சென்றேன். மதிய இடைவேளைகளில், பெட்டியிலிருந்த விதிமுறைத் தாள்களைப் படித்தேன். எதிராளி ஒருத்தி இருந்தால் பெட்டி தங்கும் என்பதே என் கணக்கு.

பழுது நீக்கும் வேலை எனக்குப் புதிதன்று. முறிந்த ஈட்டிகளுக்குப் பல் செட்டில் கொக்கியாக வளைக்கும் எஃகுக் கம்பியைப் பொருத்தினேன். யானையின் உடைந்த தந்தத்தை அக்ரிலிக்கால் வார்த்து மெருகேற்றினேன். பெட்டியின் அடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் இருந்த வீரர்கள் அனைவரும் முற்றிலும் சாய்ந்து கிடந்தனர். ஒருவன் குப்புறக் கிடந்தான். ஒருவனின் கையில் ஆயுதமே இல்லை. இன்னொருவனின் நெஞ்சில் அம்பு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் சாய்ந்தது எதுவாயினும் அதை நிமிர்த்தி நிறுத்துவதே கடமை. நானும் அவர்களை நிமிர்த்தினேன். இடுப்பில் கம்பி கொடுத்து, கால்களை நேராக்கி, ஆளுக்கொரு ஈட்டியும் தந்தேன். அம்பைப் பிடுங்கி, துளையை மெழுகால் அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் பெட்டியைத் திறந்து, ஒவ்வொருவரையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தந்தத்தை விரலால் தடவி, யானை விளம்பரத்துக்குச் சிரிப்பதுபோல் இருக்கிறது என்றார். அது பாராட்டுதான். அடுத்துத் துணிப்பையை எடுத்தார். அது காலியாக இருந்தது.

"இதுல படுத்திருந்தவங்க எங்க?"

"எழுப்பிட்டேன் அத்தை."

வரிசையாக நின்ற புதிய படையைப் பெருமையுடன் காட்டினேன். மாமியார் ஒருவனை எடுத்து, இடுப்புக் கம்பியைத் திருப்பிப் பார்த்தார்.

"அவங்க செத்தவங்கம்மா," என்றார் பிறகு.

ஒரு படைப்பிரிவு காயம்பட்டால் அதன் பின்னால் ஓர் இறந்த வீரனைக் கிடத்துவார்களாம். மூன்று பேர் சேர்ந்துவிட்டால் அப்பிரிவு களத்தை விட்டு நீங்க வேண்டுமாம். 'அடையாளம் வைக்கவும்' என்று மட்டுமே விதிமுறையில் இருந்தது. எந்த அடையாளம் என்று இல்லை. என் முகம் சுருங்கிவிட்டது. முன்னறையில் இருந்த என் கணவர், பிணத்துக்கு வைத்தியம் பார்த்துப் பிழைக்கவும் வைத்த கைராசிக்காரி தம் மனைவிதான் என்று சுவருக்கு அறிவித்தார்.

"இவன் நெஞ்சுல அம்பு இருந்துச்சே?"

"பிடுங்கிட்டேன்."

மாமியார் சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்களில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை.

ஆனால், சிரித்து முடித்ததும் அவர் கவலை கொண்டார். இறந்தவர்கள் இல்லாமல் நூலகத்தில் எதை வைத்து ஆடுவார்கள்? நான் என் கைப்பையைத் திறந்தேன். நிறம் பொருந்தாமல் வேலையில் கழிக்கப்பட்ட செயற்கைப் பற்கள் ஒரு டப்பாவில் இருந்தன. காயத்துக்கு ஒரு பல் வைக்கலாமே என்றேன். மாமியார் ஒரு பல்லை யானையின் பின்னால் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். விளையாடிப் பார்த்தால்தான் சரிவருமா என்று தெரியும் என்றார். வெறும் சோதனைக்காக என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

யானைப்படை அவருடையது, ஈட்டிப்படை என்னுடையது. எழுப்பப்பட்டவர்களை என் வலப்பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். முதல் சுற்றுகளில் என் பிரிவுகளின் பின்னால் பற்கள் முளைத்தன. பின்னர் அவருடைய வில்லாளர்கள் முன்னேற, அவருடைய இடப்பக்கம் திறந்துகொண்டது. எழுப்பப்பட்டவர்களுக்கு நேர் எதிரே வழி கிடந்தது. நான் கண்டேன். ஆனால் அவர் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. அந்த மலர்ச்சியைக் கலைக்க மனம் வராமல், வேறொரு பிரிவைத் தேவையின்றிச் சற்று நகர்த்தினேன்.

மாமியார் பகடையை எடுக்கவில்லை.

"என் இடது பக்கம் தொறந்து கிடக்கு. நீ பார்க்கலையா, பார்த்தும் விட்டியா?"

நான் நகர்த்திய பிரிவை விரலால் நேராக்கினேன்.

"பார்க்கலைன்னா கத்துக்கலாம். பார்த்தும் விட்டிருந்தா இப்பவே சொல்லிடு, பெட்டியை மூடிடறேன்."

அவர் கை பெட்டியின் மூடியின் மேல் இருந்தது. நூலகர் அல்லர், அந்தக் கைதான் பெட்டியைக் கொண்டுபோகப் போகிறது என்பதை நான் அப்போது உணர்ந்தேன்.

"பார்த்தும்தான் விட்டேன் அத்தை. இனிமே விடமாட்டேன்," என்றேன்.

"அதை வாயால சொல்லாத."

என் முறை வந்ததும் எழுப்பப்பட்டவர்களைப் பாய விட்டேன். பகடையும் எனக்கு இசைந்தது. பக்கவாட்டில் தாக்குண்ட யானைக்கு இரண்டு பற்கள் விழுந்தன. காயம்பட்ட யானை எத்திசையில் ஓடும் என்பதைப் பகடையே சொல்ல வேண்டும். மாமியார் உருட்டினார். யானை திரும்பி, அவருடைய வில்லாளர்களையே மிதித்துக்கொண்டு, அவருடைய தளபதியை நோக்கி ஓடியது. எட்டுமா, எட்டாதா என்பது மயிரிழையில் இருந்தது.

அவர் டேப்பை இழுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"இந்த நுனியைப் பிடி. யானை காலுக்கு நேரா. ஏமாத்தாத, எனக்காகவும் ஏமாத்தாத."

பிடித்தேன். எட்டியது. மாமியார் தாமே டப்பாவிலிருந்து ஒரு பல்லைத் தேர்ந்தெடுத்து, தம் தளபதியின் பின்னால் வைத்தார்.

"செத்துப் பொழைச்சவனுங்கள வச்சே என்னைக் கவுத்துட்டா," என்று முன்னறையை நோக்கிக் குரல் கொடுத்தார். தட்டச்சரை ஏசும் அதே குரல் அது. பின்பு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தம் குதிரைகளை என் பக்கம் திருப்பினார். அடுத்த இரு சுற்றுகளில் என் நடுப்படை சிதறியது. இருட்டும்வரை முடிவு தெரியவில்லை. களத்தின் மீது ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டு, அனைவரும் தட்டைக் கையில் ஏந்தியே உண்டோம்.

காலையில் நூலகர் வந்தார். மாமியார் அவருக்குத் தேநீர் கொடுத்து, புடவையை நீக்கிக் களத்தைக் காட்டினார். சண்டை இன்னும் முடியவில்லை, முடிந்ததும் தாமே சொல்லி அனுப்புவதாகக் கூறினார். எப்போது முடியும் என்று நூலகர் கேட்டார். என் மாமியார் என்னைப் பார்த்தார்.

"அது எதிராளியைப் பொறுத்தது."

நூலகர் வெறுங்கையோடு படியிறங்கினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியபோது, மாமியார் களத்தின் மீது குனிந்தபடியே என்னை அழைத்தார்.

"இந்த முன்பல்லுங்க பொடிசா இருக்கு, கண்ணுக்கே தெரியல. கடைவாய்ப்பல் கழிச்சது இருந்தா கொண்டா. நிறைய கொண்டா."