காபிக்கொட்டையில் பைன் வாசனை

அஸ்டோரியாவில் என் மூக்குக்கு ஒரு பேர் உண்டு. அதற்கு எந்த வாசனையும் தெரியாது என்ற விஷயம் எனக்கும் என் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

பாதி ஆயுளை சூரை மீன் டப்பா ஆலையில் கழித்தவன் நான். மூக்கு எத்தனை நாள்தான் தாங்கும்? ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ராஜினாமா செய்துவிட்டது. பென்ஷன்கூடக் கேட்கவில்லை. முகத்தின் நடுவில் வெறும் அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது.

பிறகு எங்கள் ஒரிகன் மாநிலத்தில் கஞ்சாவைக் கடை வைத்து விற்கலாம் என்று சட்டம் வந்தது. எங்கள் ஊரிலும் ஆற்றோரமாக ஒரு கடை திறந்தார்கள். அங்கே ஒரு வழக்கம். கல்லாப் பெண் ஜாடியைத் திறந்து நீட்டுவாள். வாங்க வந்தவர் குனிந்து முகர்ந்துவிட்டு ஏதாவது சொல்ல வேண்டும். சும்மா நின்றால் மரியாதையாக இருக்காது. முதல் நாள் நான் கண்ணை மூடி, ஆழமாக மூச்சிழுத்து, "பைன். பின்னால கொஞ்சம் எலுமிச்சை" என்றேன். ஒரிகனில் எதை முகர்ந்தாலும் எங்காவது பைன் மரம் இருக்கும் என்ற தைரியம்தான். வரிசையில் நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து நான் நிபுணன். வழியில் நிறுத்தி ஆலோசனை கேட்பவர்கள்கூட உண்டு.

உண்மையில் நான் வாங்கியதெல்லாம் லேபிளைப் பார்த்துத்தான். போதைச் சத்து எத்தனை சதவீதம் என்று அதில் போட்டிருக்கும். எது பெரிய எண்ணோ அது என்னுடையது. அதன் பலனையும் அனுபவித்திருக்கிறேன். ஒரு தடவை நீராவிக் குளியலறைப் பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்தபடியே தூங்கினேன். இன்னொரு தடவை பக்கத்து வீட்டு நாயிடம் வெகுநேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதற்கு என்று எனக்கும் தெரியாது, நாய்க்கும் தெரியாது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஹில்மா கோஸ்கெலா வந்து நின்றாள், தேவாலயத்துக் காபி மேசைக்குப் பக்கத்தில்.

ஹில்மாவும் நானும் ஞாயிறு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் அக்கார்டியன் வாசிப்பாள். புருஷன் வெர்னர் பிடில் வாசிப்பான். எங்கள் ஃபின்லாந்துக்காரர் சங்க மண்டபத்தில் நடுக்கோடை நடனம் என்றால் அவர்கள் இருவரும்தான் வாசிப்பார்கள். வெர்னர் போய்ச் சேர்ந்தபின் அந்த அக்கார்டியன் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இந்த வருஷம் சங்கத்தார் கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள்.

"நீ அந்தக் கடைக்குப் போறவன்தானே ஆர்வோ?"

"எப்பவாவது."

"எப்பவாவதா? உன் கார் அங்க நிக்கிறது பாலத்துல இருந்தே தெரியுதுப்பா." குரலைத் தாழ்த்தினாள். "நடனத்துக்கு ஒத்துக்கிட்டேன். ஆனா முதல் வால்ட்ஸ் மெட்டுல பாதி தாண்டறதுக்குள்ள ரெண்டு தோளும் பூட்டிக்குது. கை நகர மாட்டேங்குது. தோள் இறங்கற மாதிரி ஒண்ணு வேணும். ஆனா தலை இறங்கக் கூடாது. சனிக்கிழமை ஊர் முன்னாடி நான் அசிங்கப்பட்டேன்னா அப்புறம் அந்தப் பெட்டியைத் திறக்கவே மாட்டேன். உனக்குப் பெரிய மூக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

"பெரிசுதான்" என்றேன். அளவைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற ஆள் இருவரிடமும் அடையாள அட்டை கேட்டான். இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டுமாம். ஹில்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "இன்னொரு தடவை கேளுப்பா" என்றாள்.

உள்ளே கல்லாவில் ஜூனிபர் இருந்தாள். கழுத்து வரை பச்சை குத்திய பெண். என்னைப் பார்த்ததும், "வாங்க ஆர்வோ சார், மூக்கு வந்திருக்கு!" என்று கூவினாள்.

"அம்மாவுக்கு எதுக்கு வேணும்? தூக்கமா, வலியா, சிரிப்பா?"

"அக்கார்டியன் வாசிக்க."

"ஓ." ஜூனிபர் பின்னாலிருந்த அலமாரிகளைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்குத் தனி அலமாரி வைக்கலையே. சரி, வேற மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

இல்லை என்றாள் ஹில்மா. ஜூனிபர் மூன்று கறுப்புக் கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்தாள். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஜாடி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே, முந்தைய வாசனை போக மூக்கைக் கழுவிக்கொள்ள அதில் காபிக்கொட்டை வைத்திருப்பார்கள்.

ஹில்மா முதல் ஜாடியில் குனிந்து உடனே நிமிர்ந்தாள். "ஐயோ, வெர்னரோட கார் ஷெட்! பெட்ரோலும் பழைய கையுறையும்."

"அது 'குடிகாரக் கடற்சிங்கம்'. ஆளைச் சோபாவோட சேத்து ஒட்டிடும்" என்றாள் ஜூனிபர்.

இரண்டாவதில் மிளகும் ஈர மண்ணும் என்றாள் ஹில்மா. மூன்றாவதில் வெகுநேரம் நின்றாள். "ஆரஞ்சுத் தோல். அடுப்பு மேல காயவெச்ச ஆரஞ்சுத் தோல்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இப்ப நீ சொல்லு."

ஒரு ஜாடி என் பக்கம் நகர்ந்து வந்தது. நான் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். அதுதான் தப்பு. கலைஞன் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

"பைன்" என்றேன். "ஆழமான பைன். பின்னால கொஞ்சம் எலுமிச்சை. சாயங்காலத்துக்கு ஏத்தது. ஆனா ஜாக்கிரதை ஹில்மா, இது ஆளைத் தூக்கும்."

கண்ணைத் திறந்தேன். மூக்குக்குக் கீழே காபிக்கொட்டை.

"தூக்கும் சார்" என்றாள் ஜூனிபர் மெதுவாக. "காலைல நானே ரெண்டு கப் குடிச்சேன்."

ஹில்மா சிரிக்கவில்லை. "ஆர்வோ, உன் மூக்கு வேலை செய்யுதா?"

"அது ஓய்வுல இருக்கு."

"எப்பலேருந்து?"

"ஆலை மூடறதுக்கு முன்னாடியே."

"அப்போ இத்தனை நாளா எப்படி வாங்கினே?"

லேபிளைக் காட்டினேன். குடிகாரக் கடற்சிங்கத்தின் மேல் முப்பத்து நாலு சதவீதம் என்று போட்டிருந்தது. நான் தேர்ந்தெடுத்திருக்கக்கூடியது அதுதான். அதை வாங்கிக் கொடுத்திருந்தால் சனிக்கிழமை ஹில்மாவை அக்கார்டியனோடு சேர்த்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

"அட கடவுளே! சார், மிளகாய் சாஸ் பாட்டில்ல எவ்வளவு காரம்னு போட்டிருக்கும். மீனுக்கு நல்லா இருக்குமான்னு போட்டிருக்குமா?" ஜூனிபர் ஆரஞ்சுத் தோல் ஜாடியை ஹில்மாவின் பக்கம் தள்ளினாள். "இதுல சதவீதம் பாதிகூட இல்ல. தலையைக் கிறங்க வைக்காத இன்னொரு சத்தும் கலந்திருக்கு. உங்க மூக்குக்குப் பிடிச்சதுன்னா பாதி வேலை முடிஞ்சுது. மீதிப் பாதி உங்க உடம்பு சொல்லணும், அது ஆளுக்கு ஆள் மாறும். சனிக்கிழமைக்கு முன்னாடி வீட்ல ஒரே ஒரு இழுப்பு இழுங்க. கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க. அப்புறம் வாசிச்சுப் பாருங்க. மேடைலதான் முதல் தடவைன்னா அது சூதாட்டம்."

ஆரஞ்சுத் தோலை வாங்கிக்கொண்டு காரில் ஏறினோம். ஹில்மா என் பக்கம் திரும்பவே இல்லை. துடைப்பான்கள் மழையைத் தள்ளிக்கொண்டிருந்தன. சரி, இந்தச் சிநேகம் இத்தோடு முடிந்தது என்று நான் எட்டாம் தெருவிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

"என் புல்லா ரொட்டியை ஒவ்வொரு ஞாயிறும் 'ஏலக்காய் வாசனை தூக்குது'ன்னு சொல்வியே?" என்றாள் திடீரென்று.

"ம்."

"போன மாசம் ஏலக்காய் தீந்துபோச்சு. போடவே இல்ல."

"மெத்துனு இருந்துது. அது சத்தியம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்: "வியாழக்கிழமை வா. மூக்கை வீட்லயே வெச்சிட்டு வந்தாலும் சரி. காது கேக்குமில்ல?"

"இடது காது நல்லா கேக்கும்."

"போதும்."

வியாழக்கிழமை அவள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தோம். கீழே ஆறு, ஆற்றில் கப்பல்கள். அவள் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். நான் தொடவில்லை, காதுதான் அன்று என் உத்தியோகம். கொஞ்ச நேரம் கழித்து அக்கார்டியனை மடியில் வைத்தாள். தோள்கள் இறங்கியிருந்தன. வால்ட்ஸ் ஆரம்பித்தது. கண்ணை மூடி, புன்னகையோடு, எங்கோ மிதப்பவள் மாதிரி வாசித்தாள். முடித்ததும் முகம் பளபளவென்று இருந்தது.

"எப்படி?"

'அருமை' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் அவளுக்குச் சந்தோஷம், எனக்கும் ஒரு தட்டு ரொட்டி கிடைக்கும். சனிக்கிழமை ஊரே பார்க்கும்.

"முதல் பாதியையே திரும்பத் திரும்ப வாசிச்சே ஹில்மா. ரெண்டாம் பாதி வரவே இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா. சனிக்கிழமை இப்படி வாசிச்சா ஆடற ஜனங்க கிறிஸ்துமஸ் வரைக்கும் சுத்திக்கிட்டே இருப்பாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் அக்கார்டியனும் சேர்ந்து முனகியது. பிறகு சிரிப்பு அடங்கி, துருத்தியை மெதுவாக மூடினாள்.

"முதல் பாதி முடிஞ்சதும் வெர்னர் தனியா வாசிப்பான். நான் நிறுத்திட்டுக் காத்திருப்பேன். அவன் முடிச்சதும்தான் ரெண்டாம் பாதியை எடுப்பேன். தோள் பூட்டிக்கிறது அந்த இடத்துலதான். இன்னிக்கு பூட்டிக்கல, ஆனா ஆரம்பத்துக்கே திரும்பிப் போயிட்டேன்போல."

பதில் தெரியாதபோது நான் செய்கிற காரியத்தைச் செய்தேன். யோசிக்காமல் வாயைத் திறந்தேன்.

"அந்த இடத்துல நான் ஏதாவது பண்ணட்டுமா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"விசில். ஆலையில மெஷின் சத்தத்துல பேச முடியாது. நாங்க விசில்லதான் பேசிப்போம்."

"இதையாவது நிஜமா பண்ணுவியா, இல்ல இதுவும் பைன் மரமா?"

வெர்னரின் மெட்டை விசிலில் அடித்துக் காட்டினேன். எங்கள் ஊரில் அது தெரியாதவர் கிடையாது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "சுதி கொஞ்சம் இறங்குது" என்றாள். ஆனால் நான் கேட்காமலே முதல் பாதியை மறுபடி எடுத்தாள்.

சனிக்கிழமை அவள் ஒரு இழுப்புகூட இழுக்கவில்லை. "பின்கட்டுக்கு அது நல்ல சரக்கு, மண்டபத்துக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். மண்டபம் நிறைந்து கிடந்தது. ஜன்னல்களில் வெயில் போகவே மாட்டேன் என்று நின்றது. நான் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் முன்வரிசையில் யாரோ, "மூக்கு மேடைக்குப் போயிடுச்சுடா" என்றான்.

வால்ட்ஸ் தொடங்கியது. ஓரிரு சுரம் தடுக்கியது, யாரும் கவனிக்கவில்லை. முதல் பாதி முடிந்ததும் ஹில்மாவின் கை நின்றது. தோள்கள் மெல்ல ஏறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். உதட்டைக் குவித்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. உதட்டை நக்கிக்கொண்டு மறுபடி ஊதினேன். இந்தத் தடவை வெர்னரின் மெட்டு வந்தது, சுதி இறங்கியபடியே. ஆடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிற்கவில்லை. ஏறிய தோள்கள் இறங்கின.

எனக்குக் குஷி தாங்கவில்லை. மெட்டு முடிந்த பிறகும் ஊதிக்கொண்டே போனேன். ஹில்மா என் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டு, இரண்டாம் பாதிக்குள் நுழைந்தாள்.