தொட்டில் சட்டத்தில் ஒட்டிய பருக்கை

தொட்டில் சட்டத்தில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து கிடக்கிறது, அதன்மேல் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைக் காணவில்லை, எங்கே போயிருக்கும் என்று சகாயசெல்வி கண்ணை மூடித் தேடுகிறாள், ஆனால் அவள் வீட்டிலா இருக்கிறாள், திருவனந்தபுரத்தில் ஏசி அறையொன்றில், வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வில், மூன்றாம் முறையாக உட்கார்ந்திருக்கிறாள், எதிரே தேர்வாளர் அம்மாள், நோயாளிப் பையனின் தாயாக நடிக்கிறவள், நர்ஸ், என் மகனோடு தீவிர சிகிச்சை அறைக்குள் நானும் இருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள், கடிகாரம் ஓடுகிறது.

சின்ன வார்த்தையாகவே பேசித்தான் இரண்டு முறை கோட்டைவிட்டாள், ஆகவே எட்டு மாதமாக வீடு முழுக்கப் பெரிய பெரிய ஆங்கில வார்த்தைகள், கேஸ் சிலிண்டரில் ஒன்று, அரிசி டின்னில் ஒன்று, கண்ணாடியில் நாலு, பசை தீர்ந்த நாளெல்லாம் சோற்றை நசுக்கி ஒட்டினாள், ஒட்டிய இடத்தோடுதான் அவளுக்கு வார்த்தை மனதில் ஏறும், வேண்டுமென்றால் மனதுக்குள் அந்த இடத்துக்கு நடந்து போக வேண்டும், இதுவும் ஒரு படிப்பா என்று அவளுக்கே சிரிப்பு வரும். இப்போது வரவில்லை, அடுக்களையைத் தாண்டிப் போகிறாள், தாயைத் தேற்றுகிற அந்த நீள வார்த்தை தொட்டிலில்தான் இருந்தது, எட்டீ, பிள்ளைக்க வாயில பேப்பரு கெடக்கு, அவள் புருஷன் ஜஸ்டஸ் கத்துகிறான், நேற்றா, முந்தாநாளா, ஓடிப் போய்ப் பார்த்தால் ஒன்றரை வயது ஆஷ்னா சோற்றோடு வார்த்தையையும் மென்றுகொண்டிருக்கிறாள், விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள், பரீட்சை பயத்தில் பிள்ளையின் தொடையில் ஒன்று வைத்தாள், ஐயோ, ஏன் வைத்தேன், பிள்ளை அழவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்தது, பாஸாயிட்டா ரெண்டு வருசம் இவள விட்டுட்டு இருந்துருவியா நீ, என்கிறான் ஜஸ்டஸ், மொதல்ல பாஸாவட்டும் என்று எரிந்து விழுகிறாள், தொட்டிலில் வார்த்தை இல்லை, அந்தப் பார்வைதான் இருக்கிறது.

நர்ஸ், என்கிறாள் எதிரே இருப்பவள். பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை, சகாயசெல்வி நாற்காலியை முன்னால் இழுத்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடிக்கலாமா கூடாதா தெரியாது, சின்னச் சின்ன ஆங்கிலத்தில் சொன்னாள், எனக்கும் பிள்ளை உண்டு, உங்கள் மகனைத் தனியாக விடமாட்டேன், அவன் கண் விழிக்கும்போது பக்கத்தில் நான் இருப்பேன். அந்த அம்மாளின் கண் நிறைந்துவிட்டது, அது நடிப்பில்லை, பேனாவை எடுத்து எழுதுகிறாள், தேறிவிட்டோம் என்று தெரிந்துவிட்டது, தெரிந்த அந்த நொடியில் இன்னொன்றும் தெரிந்தது, யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அவள் இருக்கப் போகிறாள், அப்போது இங்கே வீட்டில் ஆஷ்னா கண் விழிக்கிறாள், தொட்டில் சட்டத்தில் காய்ந்த பருக்கையைச் சுரண்டி எடுத்து, இந்தா என்று நீட்டுகிறாள், நீட்டிய இடத்தில் அம்மா இல்லை.