கிருஷ்ணம்மாள் சந்தேகப்படாத ஒரே ஆள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. குறைத்துச் சொன்ன இடங்கள் சில உண்டு. அவற்றை நடந்தது நடந்தபடி சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள்.

பக்கிரிசாமி மலேசியாவில், கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கு வாழை இலை கொண்டுபோகும் லோரிக்காரர். முப்பது வருடமாக அதே லோரி, அதே பாதை. லோரியில் ஏர்கான் கிடையாது. வலது கை எப்போதும் சன்னலுக்கு வெளியே, வலது பக்கத்து முகம் எப்போதும் வெயிலில். வெயிலென்றால் சாதாரண வெயில் இல்லை. ஒரு நாள் காலையில் வாங்கிய பத்து முட்டைகளை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு கிள்ளானை விட்டுக் கிளம்பினார். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் சுபாங் வருவதற்குள் பத்தும் குஞ்சு பொரித்துவிட்டன. பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது அவற்றில் இரண்டு, முட்டையிட இடம் தேடிக்கொண்டிருந்தன.

ஐம்பத்து நான்கு வயதில் அவருக்குக் கைப்பேசி எழுத்து மங்கத் தொடங்கியது. இலைக்கட்டுகளை இறக்கிய கையோடு பக்கத்துத் தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார். அங்கே கண் பரிசோதிக்கும் பெண் ஃபர்ஹானா. முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரி. ஃபிரேமை அவர் மூக்கில் உட்காரவைத்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, இந்தக் காது உயரமா அந்தக் காது உயரமா என்று பார்த்தாள். கழற்றினால், மூக்கு அழுந்திய இடத்தில் ஒரு துளி ரத்தம். மூக்கின் வலது ஓரத்தில் மிளகு அளவில் கறுப்பாக, மினுமினுவென்று ஒரு பொட்டு.

"அண்ணே, இது என்ன, ரத்தம் வருது?"

"ஷேவ் பண்றப்ப வெட்டிருக்கும்லா."

"மூக்கு மேல யாருண்ணே ஷேவ் பண்றா?"

பக்கிரிசாமி யோசித்துப் பார்த்தார். நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது.

"எத்தன நாளா இருக்கு?"

"நாலஞ்சு மாசமா காயும், உரியும், மறுபடி ரத்தம் வரும். மச்சந்தாம்மா, வேற ஒண்ணுமில்ல."

"மச்சம்னா ஆறாம இப்படி இருக்காது. ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டுங்க. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாதீங்க."

அன்று சாயங்காலம் வீட்டில், சோற்றைப் பிசைந்துகொண்டே இதை மனைவியிடம் சொன்னதுதான் பக்கிரிசாமி செய்த தப்பு.

கிருஷ்ணம்மாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் வழி சொல்லும் பெண்குரல், "இடது பக்கம் திரும்பவும்" என்று தன் புருஷனிடம் இத்தனை குழைவாகச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டு, அதை நிறுத்தவைத்தவர் அவர். மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டிய வாழை இலை மலாக்காவுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கல்யாணத்தில் இலை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்ததால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

இப்போது அவர் ரசக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?"

"கண்ணாடிக் கடப் பொண்ணு. அண்ணே, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னுச்சு."

"பேரு?"

"ஃபர்ஹானாவாம்."

"பேரெல்லாம் கேட்டாச்சு." ரசம் அடுப்பில்லாமலே ஒரு கொதி கொதித்தது. "இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்துற எனக்குத் தெரியாதது, ரெண்டு நிமிஷம் பாத்தவளுக்குத் தெரிஞ்சிருச்சா? எம்புட்டுக் கிட்டத்துல வந்து பாத்தா?"

"கண்ணாடி மாட்டுறதுன்னா கிட்டத்துலதான்லா பாக்கணும். தூரத்துல இருந்தா தூக்கிப் போடுவாங்க?"

"வாய் நீளுதா? அந்த மச்சம் நம்ம கல்யாணத்தன்னைக்கே இருந்துச்சு. எனக்குத் தெரியாதா? டாக்டர் கீக்டர்னு அந்தப் பக்கம் போனீங்க, நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிருவேன்."

புதுக் கண்ணாடி அரிசி டின்னுக்குள் போனது. பக்கிரிசாமி பழையபடி கைப்பேசியை முழ நீளம் தள்ளிப் பிடித்துப் படித்தார். மூன்று வாரம் போயிற்று. தலையணை உறையில் தினமும் ஒரு சிவப்புப் புள்ளி. கிருஷ்ணம்மாள் உறையை மாற்றிப் போட்டார். உள்ளுக்குள் பயம்தான். ஆனால் பயந்ததாகக் காட்டினால், கண்ணாடிக் கடைக்காரி ஜெயித்துவிடுவாளே!

நாலாவது வாரம், சாட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். பீரோவிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துச் சீலையில் சுற்றி, கிள்ளானில் கம்யூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தார். அவர் நடந்து வந்த வேகத்தைப் பார்த்து, தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த மோனோரயில் ஒதுங்கி நின்றது. பார்த்தவர்கள் நாற்பது பேர். அவர்களில் முப்பத்தொன்பது பேர் இப்போது ஊரில் இல்லை.

"நீதான் ஃபர்ஹானாவா?"

"ஆமா, வாங்க ஆன்டி. கண் செக் பண்ணணுமா?"

"அவருக்கு அண்ணே, எனக்கு மட்டும் ஆன்டியா?"

ஃபர்ஹானா விழித்தாள். கிருஷ்ணம்மாள் ஆல்பத்தை மேசைமேல் விரித்தார். மாலையும் கழுத்துமாகப் பக்கிரிசாமி. பல் தெரியச் சிரிப்பு. கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு.

"நல்லாப் பாரு. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தியே இருக்கு. எம்புருஷன் மூஞ்சிய எனக்கு நீ சொல்லித் தர வேணாம்."

"அந்த இலை லோரி அண்ணனா? இன்னும் டாக்டர்கிட்ட போகலையா ஆன்டி?" ஃபர்ஹானாவின் முகம் மாறிவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின்மேல் வைத்தாள். "அவருக்கு இருக்குறது மூக்கு ஓரத்துல, வலது பக்கம். இது இடது கன்னம்."

"வயசானா மச்சம் கொஞ்சம் நகரும்."

"கன்னத்துல ஏறி, மூக்கைத் தாண்டி அந்தப் பக்கமா?"

"போட்டோவுல இடம் வலம் மாறித் தெரியும்."

"அப்படின்னா பின்னால மண்டபத்துப் பேரும்ல திரும்பித் தெரியணும். நேராத்தானே இருக்கு." அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அன்று மாலை வரவேற்பில் எடுத்த படம். முகம் கழுவி, கோட்டு சூட்டு போட்ட பக்கிரிசாமி. கன்னத்திலும் எதுவும் இல்லை, மூக்கிலும் எதுவும் இல்லை. "ஆன்டி, காலையில இருந்தது மை. மாப்பிள்ளைக்கு வெச்ச திருஷ்டிப் பொட்டு."

கிருஷ்ணம்மாளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. தாலி கட்டும் முன், தோழிப் பெண்கள் மாப்பிள்ளையையே பார்த்துக் கிசுகிசுக்கிறார்கள் என்று வயிறெரிந்து, "அம்மா, அவரு கன்னத்துல கொஞ்சம் மைய வைய்யி, எவ கண்ணும் படாம இருக்கட்டும்" என்று மணவறையிலிருந்தே சொன்னது அவரேதான்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஃபர்ஹானா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தினமும் பாக்குறேன்மா," என்றார் மெதுவாக. "சோறு போடுறப்ப பாக்குறேன், சண்ட போடுறப்ப பாக்குறேன். எவ அவரப் பாக்குறாள்னு பாக்குறதுலயே, நான் அவரப் பாக்காம விட்டுட்டேன் போல."

வீட்டுக்கு வந்து புருஷனைச் சன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினார். வலது பக்கம் இடதைவிடப் பத்து வயது மூத்திருந்தது. புள்ளிகள், சுருக்கம், கறுத்துத் தடித்த தோல். மூக்கோரத்தில் அந்த மிளகு.

"என்னலா இப்படிப் பாக்குற?" என்றார் பக்கிரிசாமி, வெட்கப்பட்டு.

"பேசாம இருங்க. நாளைக்கு லீவு போடுங்க. ஆஸ்பத்திரி போறோம்."

ஷா ஆலமில் தோல் மருத்துவர் டாக்டர் இஷ்ரத் என்ற பெண், பக்கிரிசாமியின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கிருஷ்ணம்மாளின் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கின. பிடித்த பிடியில் காய்ந்த மரத்திலிருந்து பால் வடிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. சின்னத் துணுக்கு ஒன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது.

"தோல் புற்றுநோய்," என்றார் டாக்டர். "பயப்படாதீங்க. இதுல மெதுவா வளர்ற வகை, வேற இடத்துக்குப் பரவுறது ரொம்ப அபூர்வம். சின்ன ஆபரேஷன், அந்த இடத்த மட்டும் மரத்துப்போக வெச்சு எடுத்துரலாம். ஆனா விட்டா ஆழமா அரிச்சுக்கிட்டே போகும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் போயிருந்தா மூக்குலயே ஒரு துண்ட எடுக்க வேண்டி வந்திருக்கலாம்."

"நம்ம கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் வராதுன்னு சொல்வாங்களே டாக்டர்?" என்றார் பக்கிரிசாமி.

"குறைவு. வராதுன்னு இல்ல. நமக்கு வந்தா மச்சம் மாதிரியே கறுப்பா இருக்கும், அதனாலதான் லேட்டா வர்றீங்க. எத்தன வருஷம் வெயில்ல ஓட்டுறீங்க?"

"முப்பது."

"சன் கிரீம், தொப்பி, முழுக்கை சட்டை?"

"சன் கிரீமா? அது வெள்ளையாகறதுக்குப் பொம்பளைங்க போடுறதுலா டாக்டர்."

"வெள்ளையாகறதுக்கு இல்ல. வெயில தடுக்குறதுக்கு."

ஆபரேஷன் முக்கால் மணி நேரம், ஆறு தையல். பக்கிரிசாமி விழித்துக்கொண்டேதான் இருந்தார். நர்சிடம் வாழை இலையில் எது பூவன், எது மொந்தன் என்று பாடம் நடத்தினார். வெளியே கிருஷ்ணம்மாள் வேண்டாத சாமியில்லை. மூக்கில் கட்டோடு புருஷன் நடந்து வந்ததும், கூட வந்த நர்சைப் பார்த்தார். நர்ஸ் சின்னப் பெண், சிரித்த முகம். பக்கிரிசாமி பயந்து இரண்டடி தள்ளி நின்றார்.

"ஏம்மா," என்றார் கிருஷ்ணம்மாள், "காது பின்னால, கழுத்து, கையெல்லாம் பாத்தீங்களா? நல்லா உத்துப் பாருங்க. கூச்சப்படாதீங்க. எத்தன பேரு வேணும்னாலும் வந்து பாருங்க."

பொட்டு முழுவதும் எடுபட்டுவிட்டது, ஓரத்தில் எதுவும் மிச்சமில்லை என்று அடுத்த அறிக்கை சொன்னது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொன்னார்கள்.

இப்போதெல்லாம் காலையில் லோரி கிளம்பும் முன் கிருஷ்ணம்மாள் வாசலில் நிற்கிறார். புருஷனின் முகம், காது, கழுத்து, வலது கை எல்லாவற்றிலும் தன் கையாலேயே கிரீமைத் தடவுகிறார். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும். மறந்துவிடாமல் இருக்கக் கைப்பேசியில் மணி வைத்திருக்கிறார்.

"பத்து மணிக்கு நானே போட்டுக்குவேன்லா. நீ என்ன, லோரி பின்னாலயே ஓடி வரப்போறியா?"

"வந்தாலும் வருவேன். எவளெவ மேலயோ சந்தேகப்பட்டேன். போன்ல பேசுறவ, கண்ணாடி மாட்டுறவ, ஊசி போடுறவ. முப்பது வருஷமா தினமும் உங்க மூஞ்சியத் தொட்டுக்கிட்டே இருந்தது வெயிலு. அது மேல ஒரு நாளும் சந்தேகப்படல. இனி அது தொடட்டும், பாத்துக்குறேன்."

சூரியன் அன்று கிள்ளானில் அரை மணி நேரம் மேகத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது.

ஆகவே வெயிலில் வேலை செய்பவர்களே, தோல் கறுப்பாக இருந்தாலும் சிவப்பாக இருந்தாலும் வெயிலை நம்பாதீர்கள். தொப்பி போடுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், கிரீம் பூசுங்கள். ஒரு புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை, புதிதாக ஒரு பொட்டு முளைத்து வளர்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களோடு வாழ்கிறவரின் முகத்தை அவ்வப்போது வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பாருங்கள். பொறாமைப்படுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

பக்கிரிசாமிக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் நடந்தது பதிவுத் திருமணம். அன்றைக்குக் கேமரா கொண்டுவர எல்லோரும் மறந்துவிட்டார்கள். அப்புறம் அந்த ஆல்பம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.