மீன் இல்லாத குளம்

ரிக்‌ஷாக்காரன் தப்பான சந்தில் இறக்கிவிட்டான். இது நம் இடமில்லை. நம் இடத்தில் குளம் உண்டு.

நினைத்து முடிப்பதற்குள் எதிரே நின்ற மூன்று கட்டடங்களும் தான் வரைந்தவை என்பது விஜயலக்ஷ்மிக்குத் தெரிந்துவிட்டது. வங்காளத்துப் பெஹாலாவில் இருபத்துநான்கு தமிழ்க் குடும்பங்கள் கூடிக் கட்டும் கூட்டுறவுக் குடியிருப்பு. அவர்களில் இன்ஜினியர் அவள் ஒருத்திதான். மொட்டைமாடியில் விழும் மழை ஒரு சொட்டும் தெருவுக்கு ஓடாமல் குளத்துக்கே வரும்படி வரைந்திருந்தாள். தங்கை பிரசவத்துக்கென்று இரண்டு மாதம் திருச்சியில் இருந்துவிட்டு வந்தால், குளத்தின் இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிச் சமன்செய்த தரை. மழைக்குழாய்கள் சுவரோடு இறங்கி அதற்குள் முகம் புதைத்திருந்தன.



"வாங்கோ விஜி. குழந்தை சௌக்கியமா?" சங்கச் செயலாளர் சுந்தரேசன் ஃபைலோடு வந்தார். முதல் கட்டடத்தில் குடியேறிவிட்ட எட்டுக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று.

"மாமா, குளம்?"

"மூடியாச்சு. கொசுன்னா கொசு, அப்படி ஒரு கொசு. அஞ்சு பேருக்கு மலேரியா. ஜகதாம்பாள் மாமி பொழச்சதே பெரிய காரியம். கூட்டம் போட்டோம், எல்லாரும் கையத் தூக்கினா. நாப்பது லாரி சாம்பல். இனிமே பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தலே போடலாம். குளம் பாக்கணும்னா கும்பகோணம் போய்ப் பாத்துக்கோங்கோ."

அவள் சிரிக்கவில்லை. நெஞ்சுக்குள் வேறொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெரு வங்காளிகள் வலை வீசுவார்கள். சமையலறை வரைக்கும் கவிச்சி அடிக்கிறது என்று மாமிகள் முகம் சுளித்ததில், போன மார்கழியில் மீனையெல்லாம் பிடித்து அப்புறப்படுத்தத் தீர்மானம் போட்டார்கள். கொசுப்புழுவைத் தின்பது அந்த மீன்தான் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால், உனக்கென்ன மீன்மேல் இத்தனை கரிசனம் என்று கேட்பார்களோ என்ற கூச்சத்தில் கடைசி ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். மலேரியாவும் சாம்பலும் அந்தக் கூச்சத்தின் பின்னாலேயே வந்திருக்கின்றன.

சுந்தரேசன் ஒரு தாளை நீட்டினார். "கார்ப்பரேஷனுக்கு ஒரே வரி. 'குளம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது'ன்னு. இன்ஜினியர் கையெழுத்து விழுந்தாத்தான் பாக்கி ரெண்டு கட்டடத்துக்கும் குடியேற அனுமதி. உங்க ஃப்ளாட்டும் அதுலதானே இருக்கு?"

"வந்து பார்த்தா?"

"வர்ற அன்னிக்குப் பள்ளம் பறிச்சு, தார்பாலின் விரிச்சு, தண்ணி ரொப்பிடலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. ஃபைல் அட்டையில் தேதிகூடக் குறித்து வைத்திருந்தார்.

அந்த ஒரு வரியை நிதானமாகப் படித்தாள். மடித்து, அவர் ஃபைலின் மேலேயே வைத்தாள்.

"நான் போடலை, மாமா."

குரல் உயரவில்லை. அவர் அவளிடம் நீட்டுவதற்காகப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.