மூன்று விழும் கட்டை

வராமல் இருந்திருக்கலாம். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். பாவு பிணைக்க ஆள் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது வருடமாக இவளிடம் எத்தனை சாக்கு சொல்லியாகிவிட்டது, இன்றைக்கு ஒன்று கூடவா கிடைக்கவில்லை? இவள் பெண்ணுக்கு நான் தாயக்கட்டை பொறுக்கிக் கொடுப்பதா? நானா?

ரேணுகாம்பாள் இப்படி நினைத்துக்கொண்டே பாத்திரக்கடையின் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கன்னியம்மா. இருவரும் ஆரணியில் ஒரே நெசவுத் தெரு, எதிரெதிர் வீடு. கன்னியம்மாவின் மகள் பானுப்ரியாவுக்கு அடுத்த மாதம் வந்தவாசியில் கல்யாணம். குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் எடுத்து ஓரமாக வைத்தாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை.

அவர்கள் தெருவில் கட்டை இல்லாமல் எந்தப் பெண்ணும் புருஷன் வீட்டுக்குப் போனதில்லை, வந்ததுமில்லை. அமாவாசையன்று தறி ஓடாது. அன்று மத்தியானம் பெண்கள் கூடித் தாயம் ஆடுவார்கள். அவரவர் கட்டையை அவரவர்தான் உருட்ட வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவில் தீராத காரியம் ஏதாவது வந்தால், ஆண்கள் பேசி அலுத்துப்போன பிறகு, அதுவும் அந்த அமாவாசை ஆட்டத்துக்குத்தான் வந்து சேரும். மூன்று தாயம் முதலில் போட்ட வீட்டுக்கு அந்தக் காரியம். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

கடைக்காரர் சக்கரவர்த்தி நயினார் ஐந்தாவது ஜோடியை எடுத்து வைத்தார்.

"பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்ளோ நேரம் பாத்திருக்க மாட்டாங்கம்மா."

"அவங்க பாக்கலன்னா இன்னா, நாங்க பாக்குறோம்" என்றாள் கன்னியம்மா. "உங்களுக்கு இன்னா பேஜார் நயினாரே? எங்க ரேணுக்கா கண்ணுக்குத் தப்பிச்சி ஒரு கோணக் கட்ட வந்துடாது. நூல் தார் சுத்துற குச்சி மயிரிழை வளைஞ்சிருந்தா கூட எட்ட நின்னே சொல்லிடும் அது."

ரேணுகாம்பாள் கட்டைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து நீளம் பார்த்தாள். விளிம்புகளை நகத்தால் தடவினாள். ஒரு விளிம்பு மட்டும் அதிகம் அராவப்பட்டிருந்தால் கட்டை அந்தப் பக்கமாகப் புரண்டுவிடும். பிறகு புள்ளிகளின் ஆழம். மூன்று புள்ளி குடைந்த முகத்தில் பித்தளை குறைவு. ஆழமாகக் குடைந்துவிட்டால் அந்த முகம் லேசாகி மேலே மேலே வரும். கடைசியாகத்தான் ஊதிப் பார்ப்பது. கட்டையின் இரண்டு தலையிலும் சிறு குழி இருக்கும். கைக்கொன்றாக இரண்டு ஊக்கைப் பிடித்து, முனைகளை அந்தக் குழிகளில் வைத்துக் கட்டையைத் தூக்கி, வாயால் மெல்ல ஊதினாள். கட்டை சுற்றியது, நின்றது. மறுபடி ஊதினாள். வேறு முகத்தில் நின்றது. நேர்மையான கட்டை ஒவ்வொரு தரமும் வேறு வேறு முகத்தில் நிற்கும். கோணல் கட்டை தொட்டில்போல ஆடி ஆடி ஒரே முகத்தைக் கீழே கொண்டுவந்து வைக்கும்.

இரண்டாவது கட்டை ஆடியது. லேசாகத்தான். எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள்.

"இவ்ளோ கொஞ்சமா ஆடுனதுக்கா வேணான்ற?" கன்னியம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா நயினாரே, எங்கக்கா கிட்ட உங்க கடையே தோத்துடும்."

அந்தப் பெருமை ரேணுகாம்பாளின் கழுத்துக்குப் பின்னால் சூடாக இறங்கியது. கண்ணை உயர்த்தாமல், "அடுத்தத குடுங்க" என்றாள்.

"நீயும் கைல எடுத்துப் பாரு கன்னியம்மா. உம் பொண்ணுக்குத்தான்."

"ஐயோ, வேணாங்க்கா." கன்னியம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எங் கை படாம போவட்டும். எங் கையப் பத்தி உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தக் கை கெட்டுப்போன நாளே தெரியும்.

தொண்ணூற்றேழில் நெசவாளர் சங்கத்தின் மூலம் தெருவுக்கு ஒரே ஒரு ஜக்கார்டு பெட்டி வந்தது. தறிக்கு மேலே அதை ஏற்றிவிட்டால் கரைப் பூ தானாக விழும். பெரிய கரைப் புடவைக்கு ஆர்டர் கிடைக்கும். கேட்டு எழுதிக் கொடுத்தது இரண்டு வீடு. ரேணுகாம்பாளின் புருஷன் பரசுராமன், கன்னியம்மாவின் புருஷன் தனசேகரன். இருவருக்கும் ஒரே தகுதி, ஒரே பாக்கியில்லாக் கணக்கு. சங்கத்துக்காரர் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார். பேச்சு தாயத்துக்கு வந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு வீட்டுக் கட்டையையும் யாராவது பார்த்துச் சரி சொல்ல வேண்டும். தெருவில் அதற்கு எப்போதும் ரேணுகாம்பாள்தான். இந்த முறை அவளே ஒரு கட்சி, வேறு யாராவது பார்க்கட்டும் என்று ஒருத்தி சொன்னதற்கு, கன்னியம்மாவே சண்டைக்குப் போனாள். "ஏன், எங்கக்கா பாத்தா இன்னா? அது கைல குடுத்தா எனக்கு பயமில்ல."

அமாவாசை காலையில் கன்னியம்மா தன் கட்டைகளை ஒரு ரவிக்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். ரேணுகாம்பாளின் கையில் கொடுத்துவிட்டு, பத்து வயது பானுப்ரியாவை மடியில் இழுத்து உட்காரவைத்து ரிப்பன் கட்ட ஆரம்பித்தாள். முதல் கட்டை சரியாக இருந்தது. ரேணுகாம்பாள் இரண்டாவதை ஊதினாள். சுற்றி, ஆடி, ஒற்றைப் புள்ளி முகம் கீழே வந்து நின்றது. இன்னொரு முறை. அதே. மூன்றாம் முறை ஓங்கி ஊதினாள், வேறு மாதிரி நின்றுவிடாதா என்று. ஒற்றைப் புள்ளி கீழே, அதற்கு எதிர் முகமான மூன்று மேலே. ஒரு கட்டை மூன்றிலேயே நின்றால் ஜோடியில் தாயம் விழாது. ஒன்று ஒரு கட்டையிலும் வெறுமை இன்னொன்றிலும் விழுந்தால்தான் தாயம்.

கன்னியம்மா நிமிரவில்லை. பல்லில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு, "சரியா இருக்குதாக்கா?" என்றாள்.

"சரியாத்தான் இருக்குது."

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியாது, யோசிக்காமல் வந்துவிட்டது என்று ரேணுகாம்பாள் சில வருடங்கள் தனக்குச் சொல்லிவந்தாள். பிறகு அதையும் சொல்ல முடியவில்லை. மூன்றாம் முறை ஓங்கி ஊதியபோது அவள் வேண்டிக்கொண்டது கட்டை வேறு மாதிரி நிற்க வேண்டும் என்றல்ல. அதே மாதிரி நிற்க வேண்டும் என்றுதான். அதை அவள் நெஞ்சு அறியும்.

மத்தியானம் ரேணுகாம்பாள் மூன்று தாயம் போட்டு முடித்தபோது கன்னியம்மா ஒன்று கூடப் போட்டிருக்கவில்லை. "மூணு, மூணு, மறுபடி மூணு! கன்னியம்மா, உனக்கு மூணாவது புள்ள பொறக்கப் போவுது" என்று பெண்கள் கத்தினார்கள். கன்னியம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதை ரேணுகாம்பாள் பார்த்தாள்.

பெட்டி ரேணுகாம்பாள் வீட்டில் வந்து இறங்கியது. அதற்குப் பொட்டு வைக்கக் கூப்பிட்டபோது கன்னியம்மா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். "எங் கையால வேணாங்க்கா. ராசி கெட்ட கை." அன்று விளையாட்டாகச் சொன்னதுபோலத்தான் இருந்தது. பிறகு தாயம் ஆட வருவதை நிறுத்தினாள். யார் வீட்டிலும் புது அடுப்பில் பால் வைக்க மாட்டாள், புதுப் பாவுக்கு முதல் முடிச்சுப் போட மாட்டாள். தனசேகரன் இரண்டு வருடத்தில் தறியை விட்டுச் செய்யாறில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். விடியற்காலை பஸ் ஏறி, சாயங்காலம் வருவார். அதில் அவருக்கு ஒன்றும் குறையில்லை, மாதச் சம்பளம் வந்தது. அதை நினைத்து ரேணுகாம்பாள் ஆறுதல் பட்டதுண்டு. ஆனால் கன்னியம்மா தன் சொந்தப் பெண்ணுக்குச் சடங்கு சுற்றியபோது முதல் தண்ணீரைத் தான் ஊற்றாமல், "அக்கா, நீ ஊத்து" என்று சொம்பை நீட்டினாளே, அதற்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. அன்றும் ரேணுகாம்பாள் சொம்பை வாங்கிக்கொண்டாள். ஊற்றினாள்.

கடையில் ஏழாவது ஜோடி சரியாக இருந்தது. ஊதிப் பார்த்தாள், தரையில் முப்பது தரம் உருட்டிப் பார்த்தாள். ஒன்று, வெறுமை, இரண்டு, மூன்று என்று எல்லாம் கலந்து விழுந்தன.

"இது எடுத்துக்க."

"நீ சொன்னா சரிக்கா." கன்னியம்மா பையைத் துழாவி ஒரு பழைய ரவிக்கைத் துண்டை எடுத்தாள். ரேணுகாம்பாளுக்கு அந்தத் துணியின் பச்சை நிறம் முதலில் அடையாளம் தெரிந்தது, பிறகுதான் உள்ளே இருப்பது என்ன என்று புரிந்தது. "நயினாரே, இது என்னோடது. நா ஆடுறதில்ல. பழசுக்கு எடுத்துக்கறீங்களா?"

"எதுக்கு இப்ப அது?" ரேணுகாம்பாளின் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "உங்கம்மா குடுத்தது. வூட்லயே இருக்கட்டும்."

"இருந்து இன்னா பண்றது? பானு அத எடுத்துகினு போறேன்னு நிக்குறா. எந் தலையெழுத்து அவளுக்கும் போவணுமா?"

நயினார் கட்டைகளை வாங்கி இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். தராசின் ஒரு தட்டில் ஒன்று, மறு தட்டில் ஒன்று வைத்தார். ஒரு தட்டு இறங்கியது.

"என்னம்மா, ஒரே அளவு, ஒண்ணு இவ்ளோ கனமா கீது?"

கனமான கட்டையை வெளிச்சத்தில் திருப்பினார். ஒற்றைப் புள்ளி முகத்தை ஆணியால் கீறினார். மஞ்சளுக்கு அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது.

"ஈயம். வார்க்கும்போது இந்தப் பக்கம் பள்ளம் விழுந்திருக்கும், ஈயத்த ஊத்தி அடைச்சி மேல மெருகு போட்டுட்டான். எந்த ஊர்ல எடுத்ததும்மா?"

"படவேட்டுத் திருவிழாவுல, எங்கம்மா."

"இதுல மூணுதான் விழும். இத வெச்சி தாயம் போட்டாங்கன்னா அவங்க மனுஷங்களே இல்ல, சாமிதான்." அவர் சிரித்துக்கொண்டே புதுக் கட்டையைப் பொட்டலம் கட்ட உள்ளே போனார்.

கன்னியம்மா சிரிக்கவில்லை. முந்தானைக்குள் இருந்த வலது கையை மெதுவாக வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். விரலை மடக்கினாள், விரித்தாள்.

"அப்ப எங் கை இல்ல" என்றாள்.

"இல்ல."

"கட்டதான்."

"ஆமா."

ரேணுகாம்பாள் அவள் முகத்தைப் பார்க்காமல் காலுக்கடியில் கிடந்த வைக்கோல் துணுக்குகளைப் பார்த்தாள். தன் மடியில் இரண்டு ஊக்குகள் இன்னும் திறந்தே கிடந்தன. தள்ளி வைத்த ஆறு ஜோடிகளும் வரிசையாக எதிரே இருந்தன. இவ்வளவு கொஞ்சமாக ஆடியதற்கெல்லாம் தள்ளியவை. கன்னியம்மாவின் பார்வை அவற்றின்மேல் ஒவ்வொன்றாகப் போவது, தலை தூக்காமலே தெரிந்தது. கடைசி ஜோடியில் அது நின்றது. வெளியே ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே போயிற்று.

"அக்கா."

"ம்."

"ஈயம் உள்ள இருந்தது. மேல மெருகு போட்டுட்டான். வெளிய இருந்து பாத்தா எப்டி தெரியும்? நயினாருக்கே தராசு வெச்சிதான தெரிஞ்சிது."

ரேணுகாம்பாள் மடியில் திறந்து கிடந்த ஊக்கு ஒன்றை எடுத்து மூடினாள்.

"அன்னிக்கு உனக்கும் தெரிஞ்சிருக்காது. இல்லக்கா?" கன்னியம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். பிடி இறுகியது. குரல் மட்டும் தணிந்துகொண்டே போனது. "பத்திரிகையில உம் பேரதான் முதல்ல போட்டுகீறேன். பொண்ணுக்கு நீதான் தாலி எடுத்துக் குடுக்கணும்னு அவங்க கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. நீ சொன்னா நா நம்பிக்கிறேன். எழுந்து போயிடலாம்."

எவ்வளவு எளிது. மூன்று எழுத்தோ நான்கு எழுத்தோ. அவள் நம்பிக்கொள்வாள், நம்ப வேண்டும் என்பதற்காகவே கேட்கிறாள். கல்யாணம் நடக்கும், எதிர் வீடு எதிர் வீடாகவே இருக்கும், சாயங்காலம் இவள் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவருவாள். ரேணுகாம்பாளின் நாக்கு அந்த வார்த்தைக்குத் தயாராகவும் ஆகிவிட்டது. அது தயாரானதை உணர்ந்தபோதுதான் அவளுக்கு உடம்பு முழுக்கக் கூசியது. ஒன்பது வருடக் கூச்சத்தைவிட அது பெரிதாக இருந்தது.

அவள் தன் முழங்கையின் மேலிருந்த கையை எடுக்கவில்லை. கன்னியம்மாவே அதை எடுக்கும் வரை இருக்கட்டும் என்று விட்டாள்.

"அத மட்டும் எங்கிட்ட கேக்காத கன்னியம்மா" என்றாள். "தெரியாதுன்னு நா சொல்ல மாட்டேன்."